சமணர் மலைக்கு அழகம்மாளுடன்

18.1.1981, திருமங்கலம்
பொங்கல் முடிந்தது. மாட்டுப் பொங்கலன்றும் அழகம்மாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. என் கணவரின் தங்கை, இருபத்தாறு வயதுதான். புருஷன் லாரி விபத்தில் போனதிலிருந்து இப்படித்தான். "அடுத்த ஞாயிறு கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போறேன், வாரியா?" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

25.1.81
வந்தாள்!

பஸ்ஸில் தலை நிமிரவேயில்லை. மலையடிவாரத் தாமரைக்குளத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பாறைப் படிகளில் எனக்கு முன்னால் ஏறினாள். மேலே பேச்சிப்பள்ளத்தில் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்கள் வரிசையாக. எவ்வளவு பொறுமை அந்தச் சிற்பிகளுக்கு! ஒரு சிலைக்குக் கீழே வட்டெழுத்து. கல்லூரிப் பாடம் கைகொடுத்தது, வாசித்துச் சொன்னேன்: சமணத் துறவி அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி.

"பொம்பள பேரா மதினி?"

"ஆமா. ஆயிரம் வருசத்துக்கு மேல ஆச்சு."

அந்த எழுத்தை விரலால் தடவினாள். "இம்புட்டு வருசம் மழையிலயும் வெயில்லயும் இருந்தும் மொகத்துல ஒரு கலக்கம் இல்ல பாருங்க."

பிறகு அழுதாள். நான் தடுக்கவில்லை.

26.1.81
பள்ளியில் கொடியேற்றிவிட்டு வந்தால் வீட்டில் சண்டை. மாமியார் சொல்கிறார்: "தாலியறுத்தவ மலைமலையா ஏறித் திரிஞ்சா ஊரு என்னத்தா பேசும்?"

பேசினாப் பேசிட்டுப் போகுது! அந்த ஊரா வந்து இவ கண்ணத் தொடைக்குது? — வாய்விட்டுச் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன். வகுப்பில் அத்தனை சத்தம் போடுகிறவளுக்கு வீட்டில் ஏன் நாக்கு எழவில்லை?

சொன்னவள் அழகம்மாள்தான். "அவருதாம்மா செத்தாரு. நான் உசுரோடதான இருக்கேன்?"

மாமியார் அடுப்படிக்குள் போய்விட்டார்.

8.2.81
அதே சமணர் மலையின் இன்னொரு பக்கம், செட்டிப்புடவு குகை. குகைக்கு வெளியே பாறையில் செதுக்கிய பெரிய தீர்த்தங்கரர் உருவத்தின் முன்னால் இருவரும் அப்படியே உட்கார்ந்துவிட்டோம்.

1.3.81
ஆனைமலை, நரசிங்கம் குடைவரைக் கோயில். ஒரே மலையை வெளியிலிருந்து பார்த்தால் படுத்த யானை. உள்ளே போனால் கோயில்! அழகம்மாள் கேட்கும் கேள்விகளுக்கு எனக்கே பதில் தெரியவில்லை. நூலகம் போக வேண்டும்.

12.4.81
விடைத்தாள்கள் குவிந்து கிடக்கின்றன. இன்று மலைக்கு வர முடியாது என்றேன்.

"நீங்க திருத்துங்க மதினி. நான் கூட்டிட்டுப் போறேன்." தெருப் பெண்கள் மூன்று பேர் வாசலில் காத்திருந்தார்கள்.

புளிச்சோறு கட்டிக்கொண்டிருந்த மாமியார் மெல்லக் கேட்டார்: "ஏத்தா அழகு, அம்புட்டு ஒசரம் என்னால ஏற முடியுமா?"

"மெதுவா ஏறலாம்மா. நான் கையப் பிடிச்சுக்கிறேன்."

மணி பதினொன்று. ஒரு தாளும் திருத்தவில்லை. இந்நேரம் பாதி மலை ஏறியிருப்பார்கள்.