அந்தோனியார் திருநாளுக்கு வந்த பெட்டி

மணிக்கல்லுத் தோட்டம்,
பூண்டுலோயா.
18.04.1982

அன்புள்ள அத்தானுக்கு,

பஸ்ஸில் இடம் கிடைத்து, நனையாமல் கொழும்பு போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நீங்கள் போன அன்று பிடித்த மழை இன்னும் விடவில்லை. மார்கிரட்டுக்கு இழுப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனாலும் அவள் மூச்சு விடுகிறாளா என்று குனிந்து குனிந்து பார்த்தே எனக்குத் தூக்கம் போய்விட்டது. படுத்தால் எழும்புகிறேன், எழும்பினால் செய்ய ஒன்றும் இல்லை.

ஈஸ்டருக்கு வந்தீர்கள். சந்தோஷம். ஆனால் வந்த நேரம் முழுக்க அந்த அம்ப்ளிபயர் பெட்டியோடுதான் இருந்தீர்கள். ஃபாதர் பூசையில் வாய் திறந்ததும் ஜெனரேட்டர் முனகி, பல்பெல்லாம் மங்கி, கடைசியில் கோயிலே இருட்டாகிப் போனதற்கு நான் என்ன செய்வேன்? சனங்கள் சிரித்ததுதான் உங்களுக்குப் பெரிதாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டீர்கள். பக்கத்து வீட்டு நாகலெட்சுமி அக்கா தண்ணீர்ப் பீலியில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னது: "டீச்சரூட்டுக்காரருக்குப் பெட்டி தூக்கத் தோளு இருக்கு, புள்ளயத் தூக்கத்தான் இல்ல போல." நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அத்தான், உங்கள் சம்பளமில்லாத லீவு ஜூன் கடைசியோடு முடிகிறது. நீங்கள் மறந்திருப்பீர்கள் என்பதற்காக எழுதவில்லை, நினைத்துப் பார்ப்பதே இல்லை என்பதற்காக எழுதுகிறேன். ஜூலை முதலாம் திகதி தேயிலை ஃபெக்டரியில் நீங்கள் நிற்காவிட்டால் எலெக்ட்ரீசியன் வேலை வேறு ஆளுக்கு. வேலை போனால் இந்தக் குவாட்டர்ஸும் போகும். ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். "புருசன்கிட்ட சொல்லி வைம்மா, தொர கேட்டுக்கிட்டே இருக்காரு" என்றார். தொழிலாளர் லயத்தின் ஒற்றைக் காம்பிராவில் அடுப்புப் புகைக்குள் இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் எப்படி ஓர் இரவைக் கழிப்பேன்?

பதில் போடுங்கள். பெட்டியைப் பற்றி மட்டும் எழுதாதீர்கள்.

உங்கள்
இசபெல்


கொழும்பு,
02.05.1982

என் அன்பு இசபெலுக்கு,

உன் கடிதம் கண்டேன். மார்கிரட்டுக்கு என் ஆயிரம் முத்தம். அவளுக்கு மருந்து நேரத்துக்குக் கொடு. நீயும் சாப்பிடு.

பெட்டியைப் பற்றி எழுதாதே என்றாய். ஆனால் வேறு யாரிடம் சொல்வேன்? நான் இந்தச் செட் செய்யும் பட்டறையின் முதலாளிக்கு விற்கத் தெரியும், கேட்கத் தெரியாது. நீ சயன்ஸ் டீச்சர், உனக்குப் புரியும்.

நம் அம்ப்ளிபயர் செட் நூறு வாட்ஸ்தான். அந்த ஜெனரேட்டர் அதைப்போல் ஐந்து மடங்கு தாங்கும். பிறகு ஏன் முனகியது? ஃபெக்டரியில் ரோலர் மோட்டர்களுக்குப் பக்கத்தில் கண்டென்சர் வைத்திருப்போமே, பவர் ஃபெக்டர் சரிப்படுத்த? மோட்டர் இழுக்கும் கரண்ட் பிந்தி வரும், கண்டென்சர் அதை நேரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும். அந்த நினைப்பில் இந்தச் செட்டுக்குள் கரண்ட் நுழையும் வாசலிலும் ஒரு கண்டென்சரை வைத்திருந்தேன். அங்கேதான் பிழை விட்டேன். செட்டின் கரண்ட் பிந்தி வருவதில்லை. அது விழுங்கி விழுங்கி வருகிறது. பீலியில் எல்லாரும் ஒரே நொடியில் குடத்தை நீட்டி, மற்ற நேரம் சும்மா நிற்பது மாதிரி. மொத்தத் தண்ணீர் கொஞ்சம்தான், ஆனால் அந்த ஒரு நொடியைக் குழாய் தாங்காது. நான் இன்னொரு குடத்தையும் வைத்துவிட்டு, குழாயைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்!

இப்போது கண்டென்சரைக் கழற்றிவிட்டு, உள்ளே ஒரு சோக் சுற்றிப் போட்டிருக்கிறேன். இரும்புத் தகடும் செம்புக் கம்பியும்தான். கரண்ட்டை அவசரப்பட விடாமல் வரிசையில் நிறுத்துகிறது. தூக்கினால் மார்கிரட்டின் எடை இருக்கும். பட்டறைப் பையன்கள் "பேபி" என்றே கூப்பிடுகிறார்கள். ஆனால் சோக் போட்டதும் உள்ளே வோல்ட் இறங்கிவிட்டது, சத்தம் குறைகிறது. ட்ரான்ஸ்போமரை மறுபடி சுற்ற வேண்டும். அதுதான் தாமதம்.

இது சரிவந்தால் எந்தத் தோட்டத்திலும் சின்ன ஜெனரேட்டரில் திருவிழா நடத்தலாம். லீவு முடிவதை நான் மறக்கவில்லை. அந்தோனியார் திருநாளுக்கு வந்துவிடுவேன், வந்தால் அப்படியே வேலையில் ஏறிவிடுவேன். ஃபாதரிடமும் டீமேக்கர் ஐயாவிடமும் சொல்லி வை.

உன்
லியனார்ட்


மணிக்கல்லுத் தோட்டம்,
16.05.1982

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். பீலிக் கதை புரிந்தது. எட்டாம் வகுப்புக்கு மின்சாரப் பாடம் எடுத்தபோது அதையே சொன்னேன், பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். அதற்காக நன்றி.

ஆனால் சோக்கைத் தூக்கினால் மார்கிரட்டின் எடை இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். எந்த மார்கிரட்? நீங்கள் ஈஸ்டருக்குத் தூக்கிப் பார்த்த பிள்ளையா? அவள் இளைத்துவிட்டாள். கிளினிக்கில் மிட்வைஃப் அம்மா தராசைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இப்போது அந்தப் பார்வையையே நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறேன்.

பேச்சு மட்டும் வளர்ந்திருக்கிறது. யார் படி ஏறி வந்தாலும் "அப்பாவா?" என்கிறாள். தபால்காரப் பொன்னையா அண்ணனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "இல்ல பாப்பா, நான் அப்பாவோட தாளு மட்டுந்தான் கொண்டாந்தேன்" என்று இனிப்பு ஒன்று கொடுத்துவிட்டுப் போனார்.

இன்னொரு விஷயம். கல்விக் கந்தோரிலிருந்து கேட்டு எழுதியிருக்கிறார்கள். ராகலைப் பக்கம் ஒரு பாடசாலைக்கு சயன்ஸ் டீச்சர் வேண்டுமாம், தங்க வீடும் உண்டாம். நான் பதில் போடவில்லை. நீங்கள் வருகிறேன் என்ற பிறகு நான் ஏன் இன்னோர் இடத்துக்கு எழுத வேண்டும்?

வருகிறேன் என்று ஃபாதரிடம் சொல்லிவிட்டேன். டீமேக்கர் ஐயாவிடமும் சொல்லிவிட்டேன். நாகலெட்சுமி அக்காவிடம் சொன்னபோது, "வரட்டும், வந்தா கால்ல ஒரு கயித்தக் கட்டு" என்றார். வாருங்கள் அத்தான். ட்ரான்ஸ்போமர் சுற்றி முடியாவிட்டாலும் வாருங்கள். ஃபாதர் மைக் இல்லாமலும் சத்தமாகத்தான் பேசுவார்.

உங்கள்
இசபெல்


கொழும்பு,
09.06.1982

என் அன்பு இசபெலுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். செட் சரிவந்துவிட்டது! நேற்றுச் சின்ன ஜெனரேட்டரில் முழுச் சத்தத்தில் ஓட்டினேன், பல்பு இமைக்கவே இல்லை. முதலாளி பார்த்துவிட்டு, இதே மாதிரி இன்னும் செய்யச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த வாரம் என்னால் அசைய முடியாது. கோபிக்காதே.

லொறிக்கார நல்லமுத்து மேலே தோட்டத்துக்கு வருகிறான். செட்டை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன், இந்தக் கடிதத்தையும் அவனே தருவான். எப்படிக் கம்பிகளைப் பூட்டுவது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சத்தம் சரிபார்க்க ஒரு கேசட்டில் என் குரலைப் பதிந்து வைத்திருக்கிறேன், முதலில் அதைப் போடச் சொல். திருநாளுக்கு நான் வந்த மாதிரித்தான். ஜூன் கடைசிக்குள் எப்படியும் பார்க்கிறேன்.

உன்
லியனார்ட்


மணிக்கல்லுத் தோட்டம்,
20.06.1982

அன்புள்ள அத்தானுக்கு,

பெட்டி பத்திரமாக வந்தது. திருநாள் நன்றாக நடந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதைத்தான் தேடுவீர்கள். ஜெனரேட்டர் ஒரு தரம்கூட முனகவில்லை. அடைமழையிலும் ஃபாதரின் பிரசங்கம் தோட்டத்தின் கீழ்ப் பிரிவு வரைக்கும் கேட்டதாம். ஈஸ்டருக்குச் சிரித்தவர்கள் எல்லாம் என்னிடம் வந்து உங்களைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். நீங்கள் நினைத்ததைச் செய்துவிட்டீர்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இனி மற்றது.

திருநாளுக்கு முதல் நாள் சாயங்காலம் நான் வீட்டில் பிள்ளைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். நல்லமுத்து லொறியை விட்டு இறங்கியதும் நேரே கோயிலுக்குப் போயிருக்கிறான், உங்கள் கடிதம் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. சவுக்கு மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, கேசட்டைப் போட்டுவிட்டான். மலை முழுக்க உங்கள் குரல். "ஹலோ, ஹலோ, லியனார்ட் பேசுறேன். மணிக்கல்லு, கேக்குதா?"

எனக்குக் கை நின்றுவிட்டது. வந்துவிட்டீர்கள் என்றுதான் நானும் நினைத்தேன். நாகலெட்சுமி அக்கா அந்தப் பக்கத்திலிருந்து, "டீச்சர், தம்பி வந்துருச்சு! தேத்தண்ணி ஊத்தவா?" என்று கத்தினார். திரும்பிப் பார்ப்பதற்குள் பிள்ளையைக் காணவில்லை.

மரத்தடியில் நின்றாள். மழையில், கால் செருப்பில்லாமல், அண்ணாந்து பார்த்துக்கொண்டு. நீங்கள் "கேக்குதா, கேக்குதா" என்கிறீர்கள். அவள் "கேக்குதுப்பா, கேக்குதுப்பா" என்கிறாள். பிறகு, "அப்பா, எறங்கு" என்றாள். நல்லமுத்து பயந்துபோய்க் கேசட்டை நிறுத்தினான். அவன் கையை எடுத்ததும் அவள் வீரிட்டாள். மறுபடி போடச் சொல்லி அழுதாள். அந்த இரவு முழுக்க இழுப்பு. அவளை மார்பில் சாய்த்தபடி உட்கார்ந்துதான் உங்கள் கடிதத்தைப் பிரித்தேன்.

திருநாள் முடிந்த மறுநாள் காலையில், திருநாளன்று வெளியூர் போயிருந்த டீமேக்கர் ஐயாவே வீட்டு வாசலுக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எங்க அவன்? இன்னும் தூங்குறானா? குரலக் கேட்டதுமே பெரிய கிளாக்கர்ட்ட சொல்லிட்டேன். பேரு செக்ரோல்ல ஏறிருச்சு, வேலைக்குத் திரும்பிட்டதா."

"அவரு வரல்லீங்க ஐயா. வந்தது பெட்டி மட்டுந்தான்."

"குரலு கேட்டுச்சே புள்ள?"

"கேசட்டுங்க."

சிரித்தார். பிறகு மார்கிரட்டைப் பார்த்தார், சிரிப்பு நின்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "சரி, பேரு அப்படியே கெடக்கட்டும். தொர ஊருக்குப் போயிருக்காரு, எவனும் பாக்கப் போறதில்ல. பேரு இருக்கிற வரைக்கும் வூட்டுல கை வைக்க மாட்டாங்க. அவன் வந்து சேரட்டும். நீ வாயத் தொறக்காத."

எவ்வளவு நல்ல மனுஷன். எனக்கு அந்த நேரம் அவர் காலில் விழ வேண்டும்போல இருந்தது. "சரிங்க" என்ற சொல் வாய்க்கு வந்துவிட்டது.

ஆனால் அத்தான், நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று ஒரு தரம் சொன்னால் அதை நான் தினமும் சொல்ல வேண்டும். ஃபெக்டரியில் மோட்டர் நின்று ஆள் அனுப்பினால் சொல்ல வேண்டும். நீங்கள் இருக்கிறீர்கள் என்று நம்பி யாராவது மோட்டருக்குள் கை வைத்தால் அதற்கும் நான்தான் பதில். பிள்ளையிடமும் சொல்ல வேண்டும். அவளோ தினமும் அந்த மரத்தடிக்குப் போய் நிற்கிறாள்.

"பேர வெட்டிருங்க ஐயா" என்றேன்.

அவர் "படிச்ச புள்ள, ஒனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கோபமில்லை. குடையை விரிக்கக்கூட மறந்து போனார்.

உங்கள் மேல் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. குடிக்கிறீர்கள், வேறு வீடு வைத்திருக்கிறீர்கள் என்றெல்லாம் யாரும் சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை. வர விருப்பமுள்ள ஆள் அந்தப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். பிழையாக இருந்தால் சந்தோஷப்படுவேன்.

ராகலைக்கு எழுதிவிட்டேன், பதிலும் வந்துவிட்டது. பாடசாலைக்குப் பின்னாலேயே வீடு. பக்கத்தில் புகை இல்லை என்று விசாரித்துக்கொண்டேன். சனிக்கிழமை லொறி வருகிறது. நல்லமுத்துதான் ஓட்டுகிறான், கூலி வேண்டாம் என்கிறான், கேசட் போட்டதில் அவனுக்கும் மனசு சரியில்லை போலிருக்கிறது. செட்டை ஃபாதரிடம் ஒப்படைத்திருக்கிறேன். கேசட்டும் அதோடுதான் இருக்கிறது, நான் எடுத்துப் போகவில்லை.

குவாட்டர்ஸ் சாவியை வெள்ளிக்கிழமை கந்தோரில் கொடுப்பேன். மார்கிரட் சாமான், என் சாமான் எல்லாம் கட்டியாகிவிட்டது. உங்கள் சட்டைகள், மீட்டர், சோல்டரிங் அயர்ன், குறடுகள் எல்லாவற்றையும் தனியாக ஒரு மரப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். கனக்கிறது. அதை ராகலைக்குக் கொண்டு போகவா, கொழும்புக்கு அனுப்பவா என்று ஒரு வரி எழுதுங்கள். வெள்ளிக்குள் பதில் வராவிட்டால் கொழும்புக்கே அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
இசபெல்