நான் அணைக்காத ஹெட்லைட்

ஜூன் 10, செவ்வாய்

ஷெமி அக்கா கழக்கூட்டம் ஆபீஸில் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் என் காதைப் பிடித்தாள். வழியில் கார் ஹெட்லைட் அணைந்து, கொஞ்ச நேரம் கழித்துத் தானாக எரிந்ததாம்.

"லைட்டுல கை வச்சது நீதானேலே, பினு?"

நான் காரைத் தொடவே இல்லை. ஆனால் ஹாரனைக் கழற்றியவன், சீட்டுக்கடியில் கருவாடு வைத்தவன் என்று எனக்கொரு பெயர் இருக்கிறதே, அதைக் காப்பாற்ற வேண்டாமா?

"ஃபியூஸை லூசாக்கினேன். லூசு ஓட்டுற வண்டிக்கு அதானக்கா பொருத்தம்?"

கீழே போய், பானெட்டைத் திறந்து மூடி, "டைட்டாக்கியாச்சு" என்று நடித்தும் காட்டினேன்.

"சவமே! நாளைக்கு ஷாஜி சேட்டன் ஒர்க்‌ஷாப்புல காட்டலாம்னு இருந்தேன். அலைச்சல் மிச்சம்."

செய்யாத சேட்டைக்குப் பாராட்டு! ஹெட்லைட் எனக்கு ஹெட்வெயிட் தந்த நாள்.

ஜூன் 13, வெள்ளி

அக்கா ஆஸ்பத்திரியில். பைபாஸில் மழை, லைட் அணைந்தது, கார் ரோட்டு நடுவிலிருக்கும் மீடியனில் ஏறிவிட்டது. இடது மணிக்கட்டு முறிவு. வேறொன்றும் இல்லை.

வேறொன்றும் இல்லையாம். எப்படி எழுதுகிறேன் பார்.

ஜூன் 14, சனி

அக்கா ஒன்றுதான் கேட்டாள். "மறுபடி ஃபியூஸுல கை வச்சியாலே?"

"இல்லக்கா, சத்தியமா."

உண்மைதான். அந்த உண்மையைக் கேட்டுத்தான், "அப்ப என் கைதான் பட்டிருக்கும்" என்று நம்பிவிட்டாள்.

அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டார். "இண்டிகேட்டர் போடப் போயி லைட்டை அணைச்சிருக்கா. ரெண்டும் ஒரே லீவர்லல்லா இருக்கு? இனி வண்டியும் வேண்டாம், நைட் ஷிஃப்டும் வேண்டாம். வேலையை விட்டிரு மக்களே."

நான் வாயைத் திறந்தேன். "டீ வேணுமாக்கா?" என்றுதான் வந்தது. ச்சீ.

ஜூன் 16, திங்கள்

சாலை பஜாரில் இருக்கும் தன் கடையை அடைத்துவிட்டு அப்பாவும் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். பல்பு நல்லது. ஃபியூஸ் நல்லது. லைட்டை எரியவிட்டு, சுவிட்சுக்குள் வரும் வயரில் ஷாஜி சேட்டன், கரண்ட் வந்தால் எரியும் டெஸ்ட் லாம்பை வைத்தார். எரிந்தது. வெளியே போகும் வயரிலும் எரிந்தது. அப்போ சுவிட்சும் நல்லது. அப்பா அக்காவை ஒரு பார்வை பார்த்தார்.

"நில்லுங்க அண்ணாச்சி, சுவிட்ச் சூடாவட்டே" என்றார் ஷாஜி சேட்டன்.

கொஞ்ச நேரத்தில் வெளியே போகும் வயரில் லாம்ப் மங்கி அணைந்தது, ஹெட்லைட்டும்தான். சுவிட்சைப் பிரித்தால் உள்ளே காண்டாக்ட் கருகி, பிளாஸ்டிக் உருகி...

"இது ஒரு நாள்ல கரிஞ்சதல்ல. முன்னேயும் அணைஞ்சிருக்கும். அன்னைக்கே கொண்டுவந்திருந்தா மாத்திவிட்டிருப்பேனே."

"ஏன் சொல்லல?" என்றார் அப்பா.

"ஒரு தடவை அணைஞ்சுதுப்பா. ஆனா இவன்..." அக்கா என்னைப் பார்த்தாள்.

"நான் ஃபியூஸைத் தொடவே இல்லக்கா. சும்மா... நான்தான்னு சொன்னேன்."

அப்பா கை ஓங்கினார். அக்கா நடுவில் கை நீட்டித் தடுத்தாள், கட்டுப் போட்ட கையை. அய்யோ, அந்தக் கையையா நீட்டணும்?

ஜூலை 28, திங்கள்

கட்டுப் பிரித்தபின் அக்கா முதல்முறையாக வேலைக்குக் கார் எடுக்கிறாள். புது சுவிட்ச். வேலையை விடும் பேச்சை அப்பா அப்புறம் எடுக்கவில்லை. நான் காருக்கு முன்னால் நின்றேன்.

"எரியுதா?"

"எரியுதுக்கா. ரெண்டும்."

கதவைத் திறந்து இறங்கி வந்தாள். இரண்டையும் பார்த்துவிட்டுப் போய் வண்டியை எடுத்தாள்.