செய்தித்தாள் சுற்றாத புத்தகம்

உன் பையிலிருந்த கடைசிப் புத்தகத்தை இன்று காலை திறந்தேன். நடுவில் காய்ந்த மருக்கொழுந்து. பச்சை போய்ப் பழுப்பாகிவிட்டது, வாசனை போகவில்லை. அடுப்பில் குக்கர் கத்திக்கொண்டிருக்க, புத்தகத்தை முகத்தருகே பிடித்தபடி நின்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது பயம்தான்.

உன் காரியங்கள் முடிந்த பிறகு உன் மகள்தான் இந்தப் பையைக் கொண்டுவந்தாள். "எனக்குத் தமிழ் ஓதக்கே பரல்ல ஆன்ட்டி. அம்மா மாதிரி நீங்களே எங்கயாவது வெச்சுடுங்க" என்றாள். பள்ளியில் அவள் படித்தது கன்னடம். தமிழ் அவளுக்குப் பேச்சோடு சரி, படிக்க வராது. எளிதாகச் சொல்லிவிட்டுப் போனாள். உன்னோடு புத்தகம் வைக்க வரும்போதே எனக்குப் பயம் என்பது அவளுக்குத் தெரியாது.

நீ தமிழ்ப் பேச்சு சகஜமான ஹனூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு என் எதிர்வீட்டுக்கு வந்தவள். நான் இந்தக் கன்னட ஊரிலேயே பிறந்து, வாசல்படி தாண்டினால் கன்னடம் என்று வளர்ந்தவள். பேருந்தில் நீ சத்தமாகத் தமிழ் பேசும்போதெல்லாம் உன் கையை அழுத்துவேன். நீ இன்னும் சத்தமாகப் பேசுவாய்.

படித்து முடித்த புத்தகம் வீட்டில் கிடப்பது உனக்குப் பொறுக்காது. குக்கரஹள்ளி ஏரிக்கரை பெஞ்சில், ரயில் நிலையத்தில், மாதேஸ்வரன் மலைக்குப் பேருந்து புறப்படும் இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பாய். பெயர் எழுத மாட்டாய். பூச்சி அரிக்காமலிருக்க மருக்கொழுந்து மட்டும் வைப்பாய்.

பிறகு ஆற்றுத் தண்ணீருக்காக இரண்டு மாநிலமும் கொதித்த நாட்கள் வந்தன. நம்மை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் கைப்பேசியில் அம்மாவோடு பேசக்கூட நான் குளியலறைக்குள் போனேன். புத்தகம் வைப்பதைச் சில நாள் நிறுத்தலாம் என்று கெஞ்சினேன். நீ கேட்கவில்லை. அட்டையிலுள்ள தமிழ் தெரியாதபடி கன்னடச் செய்தித்தாளைச் சுற்றலாம் என்றேன். மழை நனைக்காமல் மேலே ஒரு பிளாஸ்டிக் பை, அதற்கு மேலே சணல். அதற்கு மட்டும் சிரித்துக்கொண்டே சம்மதித்தாய்.

பேருந்து நிலையத்தில் வைத்துவிட்டுப் பத்தடி நகர்ந்திருப்போம். பெஞ்சிலிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து விலகினார்கள். காவலர் ஒருவர் வந்து, பொட்டலத்தைத் தொடாமல் குனிந்து பார்த்தார். கூட்டத்தைப் பின்னால் தள்ளினார். "இது யார்தம்மா?" என்று அவர் கேட்டபோதுதான் நாம் கட்டி வைத்தது மற்றவர்கள் கண்ணுக்கு என்னவாகத் தெரிகிறது என்று புரிந்தது. நான் உன் முந்தானையைப் பற்றிக்கொண்டேன். நீ அதை உருவிக்கொண்டு நேராக அவரிடம் போனாய்.

"நம்தே சார். கதெ புஸ்தகா."

நம்முடையதுதான் என்று சொல்லி, அவர் முன்னாலேயே சணலை அவிழ்த்தாய். அவர் பக்கங்களைப் புரட்டினார். மருக்கொழுந்து அவர் காலடியில் விழுந்தது. கண்டபடி பொட்டலம் வைக்கக் கூடாதென்று திட்டிவிட்டுக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியில், "போலீசுக்காரருக்கே வேர்த்துப் போச்சு புள்ள, உன்ற நியூஸ் பேப்பர் பண்ணுன வேலை" என்றாய். பிறகு மெதுவாக, "தொறந்தே கெடக்கட்டும். இல்லீன்னா நம்ம பயத்த எடுத்து அடுத்தவங்களுக்குக் குடுத்த மாதிரி ஆயிருது" என்றாய். அதன்பிறகு நீ எதையும் சுற்றவில்லை.

உன் பையிலிருந்த மற்றவற்றை யாருமில்லாத இடங்களாகப் பார்த்து வைத்துவிட்டு ஓடிவந்தேன். கடைசியை அப்படி வைக்க மனம் வரவில்லை. இன்று அதே பேருந்து நிலையம். அதே பெஞ்ச் வரிசை. தமிழ் எழுத்து மேலே தெரிய வைத்துவிட்டுத் தூணருகே நின்றேன். தலைக்கு மேல் கேமரா. கேட்டால் என்ன சொல்வது? எந்த மொழியில் சொல்வது?

மலைக்குப் போகிறவள் போலிருந்த ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். புத்தகத்தை எடுத்தாள். அதிலிருந்து மருக்கொழுந்து கீழே விழுந்தது. சுற்றிலும் பார்த்து, "இது யார்தம்மா?" என்று கேட்டாள்.

அதே வார்த்தைகள். முன்னால் போக நீ இல்லை.

"நம்தே" என்றேன். குரல் வெளியே வந்ததா என்று தெரியவில்லை. இந்த முறை தமிழிலேயே சொன்னேன். "படிக்கத்தான் வெச்சிருக்கு. எடுத்துக்கங்க."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு இடதும் வலதும் பார்த்தாள். புத்தகத்தைக் கவிழ்த்து மடியில் வைத்து, முந்தானையால் மூடினாள். அந்தக் கையசைவை எனக்கு நன்றாகத் தெரியும். "தமிழா நீங்க?" என்று மிகத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஆமாங்க" என்றேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான், திரும்பிக்கொண்டார்கள்.

அவள் ஏறிய பேருந்து போன பிறகு மருக்கொழுந்தைப் பொறுக்கிக்கொண்டேன். வீடு வரும்வரை பயம் போகவில்லை. இனியும் போகாது என்றே தோன்றுகிறது. உன் பை காலியாகிவிட்டது. என் அலமாரியிலிருந்து இதுவரை எதையும் நான் வெளியே விட்டதில்லை. இப்போது அதிலிருந்து ஒன்றை எடுத்து, மருக்கொழுந்தை உள்ளே வைத்து, வாசலருகே மேசையில் வைத்திருக்கிறேன். பழைய செய்தித்தாள்கள் பக்கத்திலேயே கிடக்கின்றன. கை அடிக்கடி அங்கே போகிறது. எடுக்கவில்லை.