வெட்டிவேர்த் தொட்டி மேல் ஒரு கண்

அக்டோபர் 14, 2025, செவ்வாய்

சிதம்பரம் ஆய்வகத்திலிருந்து முடிவு வந்துவிட்டது. நாற்பத்தொன்று. வரம்பு பத்து.

எங்கள் தெருவில் மழைநீர் சாக்கடையோடு கலந்தே ஓடும். அந்நீரை, மணலும் சரளையும் நிரப்பி வெட்டிவேரும் கல்வாழையும் நட்ட தொட்டிக்குள் இறக்கி, கிருமிகளை மணலிலும் வேரிலும் தங்கவைத்து, வடிந்த நீரை மட்டும் தெருமுனையில் நிலத்தடி நீருக்கென வெட்டிய கிணற்றில் விடுவது திட்டம். கடலூரில் இத்தெருவுக்கு அது வருவதற்கு நான் எழுதிய மனுக்கள் பதினேழு. எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுதியவை என்பதை அலுவலகத்தில் எவரும் நம்பவில்லை.

ஆகஸ்டில் பொறியாளர் திருநாவுக்கரசு தாமே நீர் பிடித்து அனுப்பினார். நூறு மில்லியில் கிருமி மூன்று. செப்டம்பரில் அப்பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார். முப்பத்தாறு. இப்போது இது. இப்படியே போனால் குழாயை அடைத்துத் தொட்டியைப் பெயர்த்துவிடுவார்கள். மூன்று எவ்வாறு நாற்பத்தொன்றாகும்? எவரோ கைவைக்கிறார்கள்.

தொட்டியை ஒட்டித்தான் பக்கிரியின் டீக்கடை.

அக்டோபர் 16

காலை ஆறு மணி முதல் சன்னலோரம் அமர்ந்திருந்தேன். எட்டே காலுக்குப் பக்கிரி வாளியுடன் தொட்டியருகே குனிந்தான். விரைந்து சென்று வினவினேன்.

"இன்னா தனக்கொடி அக்கா, போலீஸ்ல சேந்துட்டியா? செடி வாடிக் கெடக்குதேன்னு தண்ணி ஊத்துனேன். நீ மனு எழுதுற, நா தண்ணி ஊத்துறேன். அவ்ளோதான்."

கடையிலிருந்தோர் சிரித்தார்கள். வாளியை வாங்கி முகர்ந்தேன். வாடையில்லை. வாடையின்மை எதற்கும் சான்றாகாது.

அக்டோபர் 17

என் கணவருக்கு மீண்டும் வயிற்றுப்போக்கு. இம்மாதத்தில் மூன்றாம் முறை. பக்கிரி கடை பஜ்ஜிதான். ஐயமே இல்லை.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி கழிந்து நல்ல மழை. தொட்டியின் வடிகுழாயில் நீர் பிடித்தேன். முறை சிறிதும் தவறவில்லை: ஆய்வகம் தந்த பாட்டிலை — எத்தனை பேர் கை பட்டதோ — எங்கள் கிணற்று நீரால் மும்முறை அலசி, நிரப்பி, மூடியின்மேல் தாள் ஒட்டிக் கையொப்பமிட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து, ஒன்பது மணிப் பேருந்தில் சிதம்பரம்.

வாங்கிக்கொண்ட பெண், எழிலரசி என்று பெயர், கையொப்பத்தை ஏறெடுத்தும் பாராமல் வேறு பத்துப் பாட்டில்களோடு சேர்த்து வைத்தாள். யாருடையது யாருக்கு மாறுகிறதோ?

அக்டோபர் 25, சனி

நாற்பத்து நான்கு.

பொறியாளர் தொலைபேசியில் அழைத்தார். "அம்மா, மேல கேக்குறாங்க. நவம்பர் பத்துக்குள்ள ஒரே ஒரு நல்ல ரிசல்ட் குடுங்க. இல்லன்னா பைப்ப அடைச்சிடணும்னு சொல்லிட்டாங்க. அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

யாரு? பக்கிரியா? அந்தப் பொண்ணா? இல்ல, இந்த ஆளே மணலக் கொறச்சிப் போட்டுட்டு என் தலையில கட்டுறாரா? எல்லாருஞ் சேந்து ஏமாத்துறாங்க—

மேற்கண்ட வரிகளை அடித்துவிடலாம். அடிக்கவில்லை.

அக்டோபர் 29, புதன்

ஆய்வகத்தை நேரில் விசாரிக்கச் சென்றேன். மாதிரிகள் மாற்றப்படுகின்றனவோ என்று ஐயுறுவதாக எழிலரசியிடம் தெளிவாகக் கூறினேன். அவள் சினங்கொள்ளவில்லை. புதுப் பாட்டில் ஒன்றை நீட்டினாள். "நீங்க எப்புடி எடுப்பீங்கம்மா? அப்புடியே செஞ்சி காட்டுங்க."

செய்தேன். மூடியைத் திறந்து, வழிக்கென வீட்டிலிருந்து கொண்டுபோன நீரை ஊற்றி அலசத் தொடங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, கழுவுறீங்களா? இது கிருமி இல்லாம சுத்தம் பண்ணி வர்றதும்மா. கழுவவே கூடாது."

"கழுவாமல் எவரேனும் ஒரு பாத்திரத்தில் நீர் பிடிப்பார்களா?"

"சரி. எந்தத் தண்ணீல கழுவுனீங்க?"

"எங்கள் வீட்டுக் கிணற்று நீர். காய்ச்சவே தேவையில்லை. எங்கள் தெருவில் வேறெவர் வீட்டிலும் அச்சுவை கிடையாது."

அவள் என் கையிலிருந்த நீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "அதுல கொஞ்சம் இங்க குடுத்துட்டுப் போங்கம்மா."

திரும்பும் வழியில் பரங்கிப்பேட்டை விலக்கருகே தாகமெடுத்தது. எஞ்சிய நீர் மடியில்தான் இருந்தது. குடிக்கவில்லை.

அக்டோபர் 31

வீட்டுக் கிணறு: எண்ண இயலாத அளவு. அவர்கள் அச்சிட்டிருக்கும் சொற்கள் அவையே.

பஜ்ஜி இல்ல. நாந்தான் ஊத்தி ஊத்திக் குடுத்திருக்கேன்.

நவம்பர் 2, ஞாயிறு

என் கணவரிடம் தெரிவித்தேன். "ரெண்டு வாரமா பஜ்ஜிய நிறுத்துனதுதான் மிச்சம்" என்றார்.

ஆள் வைத்துப் பார்த்ததில் கழிவறைத் தொட்டியின் கிணற்றுப் பக்கச் சுவர் வெடித்திருக்கிறது. இரண்டுக்கும் இடையே பன்னிரண்டடிகூட இல்லை. இடம் குறித்தது, கொத்தனாரை நின்று மேற்பார்த்தது, எல்லாம் நான்.

நவம்பர் 4

மழை. பாட்டிலை அலசாமல் பிடித்தேன். வலக்கை இரண்டுமுறை தானாகவே கிணற்று நீர் வாளிப் பக்கம் போயிற்று.

நவம்பர் 7, வெள்ளி

ஐந்து.

குழாயை அடைக்க மாட்டார்கள். பொறியாளருக்கு ஒரு கடிதம் வரைந்தேன்: 'கடந்த மூன்று முடிவுகளிலும் காணப்பட்ட பிழை தொட்டியினுடையதன்று, இதில் கையொப்பமிட்டுள்ளவருடையது.' நான்கு முறை படித்துப் பார்த்தேன். மாற்ற ஒரு சொல்லும் இல்லை. அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

எங்கள் கிணற்றை மூடியாயிற்று. நகராட்சிக் குழாய் இணைப்பு வரும்வரை நீர் வேண்டும். அக்கம்பக்கத்தில் குழாய் இருப்பது பக்கிரி கடைப் பின்புறம் ஒன்றுதான். குடத்துடன் சென்றேன். கடை நிறைய ஆட்கள்.

"இன்னாக்கா, நம்ம தண்ணி ஒனக்கு ஒத்துக்குமா?" என்றார் பக்கிரி. எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, குழாயைத் திறந்துவிட்டு நகர்ந்து நின்றார்.

குடத்தை மும்முறை அலசினேன். அவருடைய தண்ணீரில்.