தரையில் வரைந்த பாம்பும் ஏணியும்

ஜூன் 9, திங்கள்
வெயில். காற்று முழுக்கப் புழுதி. காலையில் பாதுகாப்பு வகுப்பு. பட்டாசுக் கம்பெனிக்கு நர்ஸ் என்றுதான் சேர்ந்தேன். இந்த மாதம் வகுப்பும் என் தலையில். தாளைப் பார்த்து விதிகளை வாசித்தேன். பாதிப் பேர் தூக்கம். போர்மேன் குருசாமி கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்.

வீட்டுக்கு வந்தால் மகளும் அவள் அப்பாவும் பாம்பு ஏணி விளையாட்டு. பாம்பு கடித்ததற்கு இவர் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டிருக்கும். வகுப்பில் இதில் கால்வாசி உயிர் இருந்தால்கூடப் போதும்.

து.பருப்பு வாங்க மறந்தாச்சு.

ஜூன் 10, செவ்வாய்
வகுப்பைப் பாம்பு ஏணி ஆட்டமாக நடத்தலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். சீசன் ஆர்டர் நெருக்குகிறது, ஒரு வாரம் பார்ப்போம், சரிவரவில்லை என்றால் பழையபடி வாசிப்புதான் என்றார்.

கட்டங்களை ஃபிளெக்ஸில் அச்சடித்து எடுத்துப் போனேன். கேட் அருகில்தான் உறைத்தது. பிளாஸ்டிக். உரசினால் மின்சாரம் ஏறும். வெடிமருந்து இருக்கிற இடத்தில் சின்னப் பொறி போதும். சுருட்டித் திருப்பி அனுப்பிவிட்டு, சாப்பாட்டுக் கூடத்துத் தரையில் பெயின்டால் வரைந்தேன். இடுப்பு போச்சு. பாம்பெல்லாம் மண்புழு மாதிரி.

இரண்டு அணி: மருந்து செலுத்தும் ரூம், பேக்கிங் ரூம். கேள்விக்குச் சரியான பதில் சொன்னால் பகடை உருட்டலாம். வேலையில் யாராவது தப்பு செய்தால் அந்த அணிக்குப் பாம்பு. சாப்பாட்டு இடைவேளையில் ஆட்டம். ஆட்களே காய்.

ஜூன் 12, வியாழன்
ஒரே கூச்சல்! செலுத்தும் ரூமுக்குத் தலைவி முருகேஸ்வரி, பேக்கிங்குக்கு ஜெயா. உடம்பு மின்சாரம் இறங்க வாசலில் இருக்கும் செம்புத் தகட்டை, போர்மேன் பார்க்கிறாரா என்று பார்த்துவிட்டு அழுத்தித் தொடுகிறார்கள். காதில் விழுந்தது: "ஏளா, கொலுசக் கழட்டு. ஒன்னால நாங்க கீழ எறங்கணுமா?"

இதுவரை ஒரு தப்புகூட இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கறி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு.

ஜூன் 14, சனி
முருகேஸ்வரி கண் எரிச்சலோடு வந்தாள். கழுவிவிட்டேன். தூசி என்றாள். கண் அப்படிச் சிவந்தது தூசியால் என்று தோன்றவில்லை. மறுபடி கேட்டதும் சொன்னாள். மருந்து கொட்டியிருக்கிறது. போர்மேனைக் கூப்பிடாமல் அவளே விளக்குமாற்றால் கூட்டி அள்ளியிருக்கிறாள். உரசினாலே பற்றுகிற மருந்து.

"சொன்னா எங்க அணிக்குப் பாம்புல்லா, சிஸ்டர்?"

அந்த ரூமில் மற்றவர்களும் இருந்திருக்கிறார்கள். தப்பு நடக்காமல் இல்லை. வெளியே சொல்ல முடியாமல் செய்தது நான் வரைந்த பாம்பு.

ஜூன் 15, ஞாயிறு
சர்ச். பிரசங்கம் ஒன்றும் ஏறவில்லை. விதியை மாற்ற வேண்டும். இவரிடம் சொன்னேன். முதலாளி ஒப்புவாரா என்றார். தெரியாது.

ஜூன் 16, திங்கள்
முதலாளியும் வந்து உட்கார்ந்திருந்தார். எல்லார் முன்னாலும் சொன்னேன்: தப்புக்கு இனி பாம்பு கிடையாது. பார்த்ததோ, தானே செய்ததோ, சொன்னால் ஏணி. மறைத்தால்தான் பாம்பு.

எல்லார் கண்ணும் முதலாளி முகத்தில்.

முருகேஸ்வரி எழுந்தாள். கொட்டியது, கூட்டியது, மறைத்தது எல்லாம் சொன்னாள். குருசாமி கத்த ஆரம்பித்தார். முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார். தரையில் இருந்த கட்டங்களைப் பார்த்தார். அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"இனி கொட்டுனா கத்திச் சொல்லணும். ஆர்டர் நின்னா நிக்கட்டும். ஏணில ஏறு, தாயி."

ஏறினாள். முதலில் கைதட்டியது ஜெயா. எதிரணி!

ஜூன் 17, செவ்வாய்
தூறல். புழுதி அடங்கியது. பார்த்ததைச் சொல்ல என் அறை வாசலில் வரிசை. கிழிந்த ரப்பர் விரிப்பு, கதவை மறித்து அடுக்கிய லோடு, ஓட்டை வாளி. குருசாமி முனகிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சரிசெய்கிறார்.

மதியம் முதலாளி செலுத்தும் ரூம் பக்கம் போனார். சாப்பிட்டுவிட்டு வந்த ஜெயா வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"சட்டை பாலியஸ்டர், முதலாளி. ஒரசுனா மின்சாரம் ஏறும். உள்ள போகாதீக."

அவர் சட்டையைத் தடவிப் பார்த்தார். கேட்டுக்குத் திரும்பினார். வந்தது வாட்ச்மேனின் பருத்திச் சட்டையில். வயிற்றுப் பக்கம் பொத்தான் எட்டவில்லை. நேராகக் கூடத்துக்குப் போய், பேக்கிங் அணியின் காயாக நின்ற பெண்ணை அவரே ஏணியில் ஏற்றிவிட்டார்.