மூடினால் தூங்காத கணினி

குனோங் ராபாட், ஈப்போ
31.7.2024, இரவு

கீத் அண்ணே,

நலமா என்று கேட்க மனமில்லை. அப்பாவுக்குத் தெரியாமல், குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். என் கைப்பேசியை அவர் வாங்கி வைத்துக்கொண்டார்.

அப்பாவோடு சண்டை போட்டு வீட்டை விட்டுப் போன அன்று என் புத்தகப்பையில் உன் மடிக்கணினியை வைத்துவிட்டுப் போனாயே, அதைப் பற்றித்தான். நேற்று அப்பாவின் காலடிச் சத்தம் கேட்டு அதை மூடினேன். ஊரில் எல்லோருடைய கணினியும் மூடினால் தூங்கும். உன்னுடையது தூங்கவில்லை. விசிறி இன்னும் பலமாக இரைந்தது. தலையணைக்கு அடியில் திணித்து, மேலே படுத்துக்கொண்டேன்.

“என்னடி சத்தம்?”

“மேசை ஃபேன்பா.”

அவர் போகும்வரை அசையவில்லை. முழங்கை சுட்டுக் கொப்பளித்துவிட்டது. அம்மாவிடம் இஸ்திரிப் பெட்டி என்று பொய் சொன்னேன்.

இயங்குதளத்தின் கருவான கர்னலையே நான் கட்டினேன் என்று பெருமையடித்தாயே, தூங்கும் வசதியை ஏன் எடுத்தாய்? யார் கைக்குப் போகும் என்று ஒரு நிமிடம் யோசித்தாயா? பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மின் கணினிப் பாடச் செயல்திட்டத்தை ஆகஸ்ட் 23ஆம் தேதி ஒப்படைக்க வேண்டும். அப்பா கண்ணில் பட்டால் உன் பழைய திரையை உடைத்த மாதிரி இதையும் உடைப்பார். பிறகு அம்மா வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலைதான் எனக்கும்.

பதிலை என் தோழி ஷர்மினி வீட்டு முகவரிக்கு அனுப்பு.

ட்ரேசி


ஜொகூர் பாரு
7.8.2024

அன்புத் தங்கச்சிக்கு,

கை ஆறிவிட்டதா? திட்டு, எனக்குத் தகும்.

எனக்கு அந்தக் கணினி இரவெல்லாம் ஓட வேண்டியிருந்தது. தூங்கினால் திரை எழவே எழாது, இருட்டாகக் கிடக்கும். அலுத்துப்போய் அந்த வசதியையே எடுத்துவிட்டேன்.

திரை எழாவிட்டாலும் மூடினால் சத்தமாவது நிற்கும்; நீயே சேர்க்கலாம். கர்னல் அமைப்புப் பட்டியலில் மின்சக்தி மேலாண்மைப் பகுதிக்குப் போ. தூங்கவைக்கும் ‘சஸ்பெண்ட்’ என்று இருப்பதை இயக்கு. செயலியின் வேகம் எப்போதும் உச்சத்தில் நிற்கும்படி வைத்திருக்கிறேன்; தேவைக்கேற்பக் குறையும்படி மாற்று, விசிறி அடங்கும். பழைய கர்னலை மட்டும் அழிக்காதே. புதியது மக்கர் செய்தால் அதுதான் கைகொடுக்கும்.

கட்டி முடிக்க நான்கு மணி நேரம் ஆகும், அதுவரை விசிறி அலறும். 18ஆம் தேதி ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை. காணிக்கைப் பொருள்களின் ஏலம் முடியப் பிற்பகல் மூன்று மணி ஆகுமே, அப்போது செய். அன்று காலை பஸ்ஸில் நானும் வருகிறேன். அப்பாவிடம் பேசுகிறேன். பயப்படாதே.

உன் அண்ணன்
கீத்


குனோங் ராபாட்
18.8.2024, இரவு

கீத் அண்ணே,

காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். தெருவில் கேட்ட ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் ஜன்னலுக்கு ஓடினேன். நீ வரவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கட்டி முடிந்தது. மூடினேன், விசிறி நின்றது. திறந்தேன், இருட்டு. நீ சொன்னபடியே.

முதலில் அழுகை வந்தது, பிறகு கோபம். பழைய கர்னலில் கணினியைத் தொடங்கி, பட்டியலை வரி வரியாகப் பார்த்தேன். திரையை இயக்கும் மென்பொருளான, அதற்கு உரிய டிரைவரையும் தேவையில்லை என்று நீ எடுத்திருந்தாய். ஏதோ ஒரு பொது டிரைவரில் திரை ஓடியிருக்கிறது. அதற்கு எழுப்பத் தெரியாது. உரியதைச் சேர்த்துக் கட்ட இருபது நிமிடம் ஆனது. வெறும் இருபது நிமிடம், அண்ணே! அதைக்கூடச் செய்து பார்க்காமல் எழாது என்று முடிவுகட்டிவிட்டாய். அப்பாவையும் அப்படித்தான் விட்டுப் போனாய்.

மூடி மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் அப்பா. கையில் ஏலத்தில் எடுத்த பூசணிக்காய். எனக்குக் காய்ச்சல் என்று பாதியிலேயே வந்துவிட்டார். இந்த முறை நான் கணினியை மூடவில்லை.

“அவனோட சாமானா?”

“ஆமாப்பா. ஸ்கூல் வேலைக்கு. கெட்டுக் கெடந்துச்சு, நான்தான் சரி பண்ணேன்.”

பூசணிக்காயைக் கீழே வைத்தார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“கையில சுட்டது இதுதானா?”

தலையாட்டினேன்.

“ஃபேன்னு சொன்னியே லா,” என்றார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “அவன் எங்க இருக்கான்?” என்று கேட்டார்.

“ஜொகூர்ல, ஜேபியில. இன்னைக்கு வரேன்னு எழுதியிருந்தான்.”

தினமும் இரவு ஒன்பது மணிக்குப் பூட்டும் வாசல் கேட்டை அவர் இன்று பூட்டவில்லை. இப்போதுதான், நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு, எழுந்து போய்ப் பூட்டினார். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் இதை எழுதுகிறேன்.

இனி ஷர்மினி வீட்டுக்கு எழுதாதே. உன் கடிதம் வந்தால் வாங்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லப் போகிறேன். எழுதுவதானால் அப்பா பெயருக்கு எழுது. முகவரி உனக்குத் தெரியும்.

ட்ரேசி