டோபமின் இல்லாத மேடு

மார்ச் 3, செவ்வாய்
இன்றும் கோடு ஏறியது. வெளிச்சம் பட்டால்தான் வேலை செய்யும் எலெக்ட்ரோடின்மேல் நீல விளக்கு, கரைசலில் ஒரு சொட்டு டோபமின், திரையில் மின்னோட்டம் மேடாக எழுந்தது. சீனியர் அண்ணா மேசையைத் தட்டினார். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இதைக் காட்டினால் டோபமினை அளக்கும் எங்கள் சென்சாருக்கு இன்னும் ஓராண்டு. இல்லையென்றால் மூடிவிடுவார்கள்.

அம்மா போனில்: "சந்தோஷம் தர்ற சமாச்சாரம் மூளைக்குள்ள இருக்குன்னியே, அது எப்படிடி குப்பியில வந்துச்சு?"
"கடையில வாங்கினோம்மா."
"அப்ப எனக்கும் ஒரு குப்பி வாங்கிட்டு வா."

மார்ச் 4
அண்ணா ஆய்வக ஃப்ரிட்ஜிலிருந்து தன் ஜூஸை எடுத்தார். (அங்கே வைக்கக்கூடாது. யார் சொல்வது?) கோடு ஏறியது. நாங்கள் எதையும் சொட்டவில்லை. அண்ணா ஜூஸ் குடித்தால் எலெக்ட்ரோடுக்கு என்ன சந்தோஷம்?

மார்ச் 5
அவர் சாப்பிடப் போனதும் ஃப்ரிட்ஜைச் சும்மா திறந்தேன். ஏறியது. மூடினேன். இறங்கியது. பதினோரு முறை.

எலெக்ட்ரோடு இருக்கும் கறுப்புப் பெட்டியில் நகக்கண் அளவு இடுக்கு. டோபமின் குப்பியும் அந்த ஃப்ரிட்ஜில்தானே! எடுக்கத் திறக்கிறோம், உள்விளக்கு எரிகிறது, கதவை மூடாமலேயே சொட்டுகிறோம்... இரண்டு மாதமாக அளந்தது ஃப்ரிட்ஜ் விளக்கையா?

இங்கே என் பெயரே ஊமைக்கோட்டான். பேசினால் மூடுவிழா என் கையால். வீட்டில் முதல் பட்டதாரி நான், திரும்பிப் போய் என்ன சொல்வேன்? பேசாவிட்டால் — இல்ல, முடியாது. சொல்லித்தான் ஆகணும்.

மார்ச் 6, வெள்ளி
கூட்டத்தில் சொல்லிவிட்டேன்.

அண்ணா சிரித்தார். "ஏம்மா, நாலு வருஷமா சென்சார் செய்யறேன், ஃப்ரிட்ஜ் லைட்டு தெரியாதா எனக்கு?"
பேராசிரியர் மேடம், "காட்டு" என்றார். எல்லோரையும் ஆய்வகத்துக்கு அழைத்துப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். ஏறியது. அண்ணாவின் முகம் செத்துப்போயிற்று.
"அடப்பாவிங்களா" என்றார் மேடம். பிறகு என்னைப் பார்த்து, "பத்து நாள் தரேன். அடைச்சிட்டு மறுபடி அள."

மார்ச் 16
கறுப்பு டேப், மேலே துணி, குப்பி மேசையிலேயே ஐஸ் டப்பாவில். வெறும் கரைசல் விட்டோம். கோடு படுத்தே கிடந்தது. டோபமின் ஒரு சொட்டு. பழைய மேட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஒரு படி ஏறியது! இரண்டாம் சொட்டு, இரண்டாம் படி. மூன்று. நான்கு. டோபமின் போலவே நடிக்கும் வைட்டமின் சி விட்டு ஏமாற்றிப் பார்த்தோம், அசையவில்லை.

"ஏறுது பாரும்மா, ஏறுது!" அண்ணா கத்தினார். நானும் கத்தினேன். நான்! பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஏப்ரல் 9
ஓராண்டுக்கு அனுமதி வந்துவிட்டது. மேடம் மாநாட்டுப் படிவத்தை நீட்டினார். 'உரையாற்றுபவர்' கட்டம் காலி. அண்ணாவைப் பார்த்தேன்.

"என்னை ஏன் பாக்கறே? எழுது."

என் பெயரைப் பேனாவால் எழுதினேன். எழுத்து கோணவில்லை.